கட்டட ஒளிப்படத்துக்கும் காணொளிக்கும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் அவசியமா?

கட்டடக் கலைஞர்களுக்காக ஒளிப்படம் எடுத்துவருவதாகவும், உயரமான முகப்புகள் மேலே போகப்போகக் குறுகுவதை இதுவரை மென்பொருளில் திருத்திவந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போது அதே கட்டடங்களைக் காணொளியாகவும் கேட்கிறார்கள் என்பதால், சென்சருக்கு எதிரே சாய்க்கவும் (டில்ட்) நகர்த்தவும் (ஷிஃப்ட்) முடிகிற டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் ஒன்றை வாங்கினால் இரண்டு வேலைக்கும் சேர்த்துப் பயன்படுமா, அதிலுள்ள டில்ட் வசதியால் அறை முழுவதும் ஒரே கூர்மையில் கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. வாங்கலாமா வேண்டாமா என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கோடுகளை லென்ஸிலேயே நேராக்குவதற்கும் பிறகு மென்பொருளில் நேராக்குவதற்கும் உண்மையில் என்ன வேறுபாடு. கேமரா அசையும்போது அந்த நேர்மை நிலைக்குமா. கட்டட வேலைக்கு டில்ட் எவ்வளவு தேவை. பல ஆண்டுகளாக இத்தகைய லென்ஸ்களோடு வேலை செய்துவருபவன் என்ற முறையில், வடிவியல் உறுதியாகச் சொல்வதை ஒருபுறமும், ரசனையையும் கருவியையும் பொறுத்து மாறக்கூடியதை மறுபுறமும் வைத்துப் பேசுகிறேன். பெரிய திரைப்படத் தளங்களில் பயன்படும் தனி டில்ட் அமைப்புகளில் எனக்குப் பழக்கமில்லை. நான் சொல்வதெல்லாம் ஃபுல் ஃபிரேம் கேமராவும் (36 × 24 மி.மீ. சென்சர் உள்ளது) முக்காலியும் வைத்துக்கொண்டு ஒருவரோ இருவரோ செய்யும் வேலையைப் பற்றியது.

செங்குத்துக் கோடுகள் ஏன் சாய்கின்றன என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. சுவர் செங்குத்தாக நிற்கிறது. கேமராவுக்குள் இருக்கும் சென்சரும் அதற்கு இணையாகச் செங்குத்தாக நின்றால், சுவரின் இணைகோடுகள் படத்திலும் இணைகோடுகளாகவே விழும். கட்டடத்தின் உச்சியும் படத்துக்குள் வரவேண்டும் என்று கேமராவை அண்ணாந்து பார்க்கவைத்தவுடன் சென்சர் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்ந்த தளத்திலிருந்து அளந்தால் உச்சி அடித்தளத்தைவிட அதிகத் தொலைவில் இருக்கிறது. தொலைவில் இருப்பது சிறிதாகப் பதிவதால் கோடுகள் மேலே குவிகின்றன. இதற்கு அகலக்கோண லென்ஸின் மீது பழிபோடுவது வழக்கம். குவிவை உண்டாக்குவது சாய்வுதான். அகலக்கோணம் அதைக் கூடுதலாக வெளிக்காட்டுகிறது, அவ்வளவே. நீங்கள் நிற்கும் இடம் மாறாதவரை பொருள்களுக்கு இடையிலான தோற்ற உறவும் மாறாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மென்பொருளைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

ஷிஃப்ட் இந்தச் சிக்கலை நேரடியாகத் தீர்க்கிறது. சாதாரண லென்ஸ் சென்சரின் மூலைகளை எட்டும் அளவுக்கு, அதாவது 43 மி.மீ.க்குச் சற்று அதிகமான விட்டமுள்ள வட்டமாக, பிம்பத்தை விழச்செய்தால் போதும். கேனனின் டிஎஸ்-இ 17 மி.மீ. லென்ஸும் 2009-இல் அதனோடு வந்த 24 மி.மீ. இரண்டாம் பதிப்பும் 67.2 மி.மீ. விட்டத்துக்குப் பிம்பத்தை வீழ்த்துகின்றன (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. அதன் குவியத் தொலைவு; அது குறையக்குறையக் காட்சி அகலும்). சென்சரைவிட மிகப் பெரிய அந்த வட்டத்தில் எந்தப் பகுதியைப் பதிவுசெய்வது என்பதை, லென்ஸை மேலும் கீழும் பக்கவாட்டிலும் 12 மி.மீ. வரை நகர்த்தி நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள்; சென்சர் கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல்போல அசையாமல் செங்குத்தாகவே நிற்கிறது. துருத்தி வைத்த பழைய பெருவடிவக் கேமராக்களில் இது அன்றாடப் பழக்கம். 35 மி.மீ. கேமராக்களுக்கு இதை 1960களின் தொடக்கத்தில் நிக்கானின் 35 மி.மீ. பிசி-நிக்கோர் கொண்டுவந்தது, 1973-இல் கேனன் தன் 35 மி.மீ. லென்ஸில் டில்ட்டையும் சேர்த்தது. டில்ட்டும் ஷிஃப்ட்டும் ஒரே உடலுக்குள் வந்து சேர்ந்துவிட்டதால் இரண்டும் சேர்ந்தே பயன்படவேண்டியவை என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. இரண்டும் தொடர்பற்ற வெவ்வேறு வேலைகள். உங்களுக்குத் தேவைப்படுவதில் பெரும்பகுதி ஷிஃப்ட் மட்டுமே என்பதுதான் இந்தப் பதிலின் சாரம்.

12 மி.மீ. என்பது கேட்கச் சிறியதாக இருக்கலாம்; கட்டடத்தின் மீது அது எவ்வளவாகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். கேமராவைக் கிடையாக வைத்தால் ஃபுல் ஃபிரேம் சென்சரின் உயரம் 24 மி.மீ., அதில் பாதி 12 மி.மீ. மட்டமாக வைத்த 24 மி.மீ. லென்ஸ், ஷிஃப்ட் இல்லாமல், கேமராவின் உயரத்துக்கு மேலே நீங்கள் நிற்கும் தொலைவில் பாதி அளவைத்தான் காட்டும். 20 மீட்டர் தொலைவிலிருந்து 10 மீட்டர். 12 மி.மீ. மேலே நகர்த்தினால் அது தொலைவுக்குச் சமமாகிறது, அதே இடத்திலிருந்து 20 மீட்டர். கேமராவை நெடுக்காகத் திருப்பினால் தொலைவைப்போல ஒன்றேகால் மடங்கு. 17 மி.மீ. லென்ஸில் கிடையாக வைத்தே 1.4 மடங்கு கிடைக்கும். எதிரே குறுகலான தெரு இருந்து பின்னால் போக இடமில்லாதபோது இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்த்தாலே எந்த லென்ஸ் போதும் என்பது தெரிந்துவிடும்.

காணொளியில் இந்தக் கணக்குச் சற்று மாறுகிறது, இதைப் பெரும்பாலோர் எதிர்பார்ப்பதில்லை. 16:9 சட்டத்தில் சென்சரின் 36 மி.மீ. அகலம் முழுவதும் பயன்பட்டாலும் உயரம் ஏறத்தாழ 20 மி.மீ.தான். ஷிஃப்ட் இல்லாமல் 24 மி.மீ. லென்ஸ் மேலே காட்டுவது தொலைவில் 0.42 பங்கு, முழு ஷிஃப்ட்டில் 0.92. உச்சியைப் பொறுத்தவரை இந்த இழப்பு பெரிதல்ல. ஆனால் சட்டத்தின் அரை உயரம் 10 மி.மீ.யாக இருக்கும்போது லென்ஸை 12 மி.மீ. உயர்த்தினால், சட்டத்தின் அடிவிளிம்பு கண்மட்டத்துக்கு மேலே போய்விடுகிறது. கட்டடம் மண்ணில் நிற்கும் இடம், வாசல், படிகள் எல்லாம் காட்சியிலிருந்து விழுந்துவிடும். ஆகவே காணொளியில் நான் பெரும்பாலும் 6 முதல் 8 மி.மீ. ஷிஃப்ட்டோடு நிறுத்திக்கொண்டு, மீதித் தேவைக்கு இன்னும் அகலமான லென்ஸை எடுக்கிறேன், அல்லது பின்னால் நகர்கிறேன். உங்கள் கேமரா 4கே பதிவின்போது சென்சரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துமானால் லென்ஸ் இன்னும் குறுகிய கோணத்ததாக நடந்துகொள்ளும். அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி மென்பொருள். லென்ஸில் நேராக்கிய படத்தின் தோற்றம் வேறு, மென்பொருளில் நேராக்கியதன் தோற்றம் வேறு என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. ஒரே இடத்திலிருந்து எடுத்து, திருத்தமும் சரியாகச் செய்யப்பட்டால், வடிவியல் இரண்டிலும் ஒன்றே. தோற்ற உறவைத் தீர்மானிப்பது நிற்கும் இடம்தான் என்று மேலே சொன்னதன் விளைவு இது. கண்ணளவில் இழுத்துத் திருத்தும்போது கட்டடத்தின் உயர அகல விகிதம் கெட்டுப்போவது நடக்கும்; அது வழிமுறையின் குறை ஆகாது, லென்ஸின் குவியத் தொலைவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் செய்ததன் விளைவு. உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. 24 மி.மீ. லென்ஸை ஷிஃப்ட் இல்லாமல் 20 டிகிரி மேலே சாய்த்தால், கிடைச் சட்டத்தில் ஏறத்தாழ முழு ஷிஃப்ட்டுக்கு நிகரான உயரம் வந்துவிடும். ஆனால் 45 டிகிரி உயரத்தில் இருக்கும் உச்சி, கண்மட்டத்தில் இருக்கும் பகுதியைவிட 27 விழுக்காடு குறுகலாகப் பதிவாகியிருக்கும். அதை நேராக்க உச்சியை அகலவாக்கில் 1.36 மடங்கும் உயரவாக்கில் ஏறத்தாழ 1.9 மடங்கும் நீட்ட வேண்டும். பதிவான புள்ளிகளை நீட்டுவதால் புதிய நுணுக்கம் வராது. சாளரக் கம்பிகளும் கல்லின் மேற்பரப்பும் மேலே போகப்போக மழுங்கும். அத்துடன் மேல்பகுதியின் இருபுறமும் கூடுதலாகப் பதிந்ததை வெட்டித் தள்ளவும் வேண்டியிருக்கும்.

இந்த இழப்பு தாங்கக்கூடியதா என்பது நீங்கள் எதற்காக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 45 மெகாபிக்சல் படத்தை இணையதளத்தில் சிறிதாக்கிப் போடுவதானால் யாருடைய கண்ணுக்கும் தெரியாது. சுவரளவு அச்சிடுவதானால் தெரியும். காணொளியில் 4கே கேமராவில் எடுத்து 4கேயாகவே கொடுத்தால் உச்சி மென்மையாகிவிடுவது கண்கூடாகத் தெரியும். 8கேயில் எடுத்து 4கேயாகக் கொடுத்தால் மேலே சொன்ன நீட்டலுக்குப் பிறகும் போதிய புள்ளிகள் மிச்சமிருக்கும். எனவே 8கே கேமரா ஏற்கெனவே கையில் இருந்து, எடுப்பதும் அவ்வப்போதுதான் என்றால், மென்பொருளே உங்களுக்குப் போதும் என்று தயக்கமின்றிச் சொல்வேன். நிறைய எடுப்பவர்களுக்கு ஷிஃப்ட் தரும் பெரிய நன்மை, புள்ளிகளைக் காப்பதைவிட, படச்சட்டத்தை எடுக்கும் இடத்திலேயே இறுதி வடிவில் பார்க்க முடிவதுதான். வெட்டிய பிறகு எதுவெல்லாம் மிஞ்சும் என்று ஊகித்துக்கொண்டே சட்டம் அமைப்பதும், மிஞ்சப்போவதையே பார்த்துக்கொண்டு அமைப்பதும் ஒன்றல்ல. ஒரு தூணின் விளிம்புக்கும் சட்டத்தின் விளிம்புக்கும் இடையே எவ்வளவு வெளி விடுவது என்பது போன்ற முடிவுகளை அங்கே நின்றபடி எடுக்கும்போதுதான் கட்டடப் படம் கட்டுக்கோப்பாக வருகிறது.

முழுக்க நேராக்குவது எப்போதும் சரியா என்பதில் என் கருத்து ரசனையின்பாற்பட்டது. மிக அருகில் நின்று உயரமான கோபுரத்தைத் துல்லியமாக நேராக்கினால், அது மேலே விரிந்து நம்மீது கவிழ்வதுபோலத் தெரியும். அளவுகோல் வைத்தால் கோடுகள் இணையாகவே இருக்கும். ஆனால் அண்ணாந்து பார்க்கும்போது சிறிது குவிவை எதிர்பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒவ்வாது. அப்படிப்பட்ட இடங்களில் நான் கேமராவை ஓரிரு டிகிரி மேலே சாய்த்து, மிச்சத்தை ஷிஃப்ட்டால் எடுத்துக்கொள்கிறேன். மூன்று நான்கு மாடிக் கட்டடங்களிலும் உள்ளறைகளிலும் இந்தச் சலுகை தேவையில்லை. அங்கே அரைகுறைக் குவிவு கவனக்குறைவாகவே தெரியும். உங்கள் கட்டடக் கலைஞர்கள் வேறுவிதமாக விரும்பினால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், இதில் விதி எதுவும் இல்லை.

காணொளியில் ஷிஃப்ட் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு ஒரே அளவுகோல்: கேமராவின் அசைவு சென்சரைச் செங்குத்தாகவே வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடரில் பக்கவாட்டில் நகர்வது, தண்டவாளத்தில் முன்னும் பின்னும் போவது, கேமராவையே செங்குத்தாக உயர்த்துவது ஆகிய மூன்றிலும் கோடுகள் நேராகவே இருக்கும். முக்காலித் தலையை மேலும் கீழும் அசைத்தால் கோடுகள் காட்சியின் நடுவிலேயே விரிந்தும் குவிந்தும் திரியும்; ஷிஃப்ட் லென்ஸ் மாட்டியதன் பயன் அத்துடன் போய்விடும். இடவலமாகத் திருப்பும் பான் அசைவு பாதுகாப்பானதுதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. கேமராவின் உடல் மட்டமாக இருந்தால் மட்டும் போதாது, அது சுழலும் அச்சு செங்குத்தாக இருக்க வேண்டும். முக்காலியின் அடித்தளம் சாய்ந்திருக்கும்போது தலையைத் திருத்திக் கேமராவை மட்டமாக்கியிருந்தால், தொடக்கத்தில் நேராக இருக்கும் காட்சி திருப்பத் திருப்பச் சாய்ந்துவிடும். ஆகையால் லெவலிங் பௌல் (அடித்தளத்தைத் தனியாக மட்டப்படுத்த உதவும் கிண்ணம்) உள்ள முக்காலியை வைத்து, முதலில் அடித்தளத்துக்கு ரசமட்டம் பாருங்கள், பிறகுதான் கேமராவுக்கு.

மட்டம் எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று கேட்டால், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக. முன்பு சொன்ன 24 மி.மீ. எடுத்துக்காட்டில் ஒரே ஒரு டிகிரி பிழை இருந்தாலும் உச்சி 1.7 விழுக்காடு குறுகும். முகப்பு சட்டத்தின் அகலத்தை நிறைத்திருந்தால், 3840 புள்ளி அகலமுள்ள 4கே காட்சியில் ஒவ்வொரு புறமும் ஏறத்தாழ 33 புள்ளிகள். சட்டத்தின் விளிம்பு அருகிலேயே ஒப்பிட்டுக் காட்டிக்கொண்டிருப்பதால் அது கண்ணில் உறுத்தும். பற்சக்கரத்தால் மெதுவாகத் திருப்பும் தலை இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. பந்துத் தலையில் ஓரச்சைத் திருத்தும்போது மற்றொன்று நழுவும். கிம்பலில், அதாவது கேமராவைத் தானாகச் சமநிலையில் வைக்கும் கைப்பிடியில், ஷிஃப்ட் லென்ஸை வைத்து நடப்பது முடியாதது அல்ல, ஆனால் லென்ஸை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் எடைச் சமநிலையை மறுபடி பார்க்க வேண்டும். நடையின்போது மேல்கீழ்ச் சாய்வு அரை டிகிரி அலைந்தாலும் கோடுகள் மூச்சுவிடத் தொடங்கும். அந்த வேலைக்குச் சாதாரண அகலக்கோண லென்ஸை மட்டமாகப் பிடித்து, 6கே அல்லது 8கேயில் எடுத்து, மேல்பகுதியை வைத்துக்கொண்டு கீழ்ப்பகுதியை வெட்டிவிடுவதே மேல். கொஞ்சம் யோசித்தால், அதுவும் ஒருவகை ஷிஃப்ட்தான் என்பது விளங்கும்.

கேமராவுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். அது லென்ஸின் குவியத் தொலைவை வைத்து, நடுப்புள்ளியைக் கணக்கிட்டுச் சென்சரை நகர்த்துகிறது. கை நடுங்கும்போது பிம்பத்தின் ஓரங்கள் நடுவைவிட அதிகமாக நகர்கின்றன, 17 மி.மீ. லென்ஸில் அச்சிலிருந்து 12 மி.மீ. தள்ளி இருக்கும் புள்ளி, அதே திசையில், ஒன்றரை மடங்கு நகரும். ஷிஃப்ட் செய்தபின் உங்கள் காட்சியின் நடுவே அந்தப் புள்ளிதான் என்பதால் தடுப்பு குறைவாகவே ஈடுசெய்யும், மேல் மூலைகள் தளும்பும். இது வடிவியல். உங்கள் கேமராவில் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்குமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், எடுத்துப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். முக்காலியிலும் ஸ்லைடரிலும் அதை அணைத்துவிடுவதே என் வழக்கம்.

காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷிஃப்ட் குமிழைத் திருப்பி, முகப்பில் அடியிலிருந்து உச்சிக்கு ஏறும் அசைவைச் செய்யலாமா என்று அடுத்துத் தோன்றும். செய்யலாம்; கோடுகள் சாயாமல் காட்சி ஏறும், தலையைச் சாய்ப்பதால் ஒருபோதும் கிடைக்காத அமைதியான அசைவு அது. ஆனால் குமிழ்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, விரலின் ஒவ்வொரு பிடிமாற்றமும் பதிவாகும். கேமரா இடம்பெயராததால் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஒன்றாகவே நகர்ந்து, பெரிய படம் ஒன்றின்மேல் சட்டத்தை நகர்த்தியதுபோலத் தட்டையாகத் தெரியும். அதே அசைவை 8கே காட்சியிலிருந்து மென்பொருளில் இன்னும் சீராக எடுக்க முடியும். ஷிஃப்ட்டை அமைத்ததும் பூட்டுத் திருகை இறுக்க மறக்காதீர்கள். மேலே உயர்த்திய லென்ஸ் தன் எடையாலேயே இம்மி இம்மியாக இறங்குவதுண்டு. ஒளிப்படத்தில் அது தெரியாது, ஒரு நிமிடக் காட்சியில் தெரியும்.

உள்ளறைகளில் பக்கவாட்டு ஷிஃப்ட்டின் பயனைப் பலர் கவனிப்பதில்லை. குளியலறையிலோ ஒப்பனை அறையிலோ பெரிய கண்ணாடிக்கு நேரெதிரே நின்று எடுத்ததுபோல் படம் வேண்டும், ஆனால் கண்ணாடிக்குள் கேமரா தெரியக்கூடாது. 24 மி.மீ. லென்ஸை 12 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால் சட்டத்தின் நடு, தொலைவில் பாதி அளவு தள்ளிப்போகும். கண்ணாடியிலிருந்து 2 மீட்டர் தொலைவில் இருந்தால் நீங்கள் ஒரு மீட்டர் விலகி நின்றபடி, சென்சரைச் சுவருக்கு இணையாகவே வைத்து, கண்ணாடியைச் சட்டத்தின் நடுவில் அமைத்துவிடலாம். கண்ணாடியின் அகலம் 2 மீட்டருக்குக் குறைவாக இருக்கும்வரை கேமரா அதில் தெரியாது, கண்ணாடியின் சட்டமும் செவ்வகமாகவே பதியும். காணொளியில் பிரதிபலிப்பை அழிப்பது ஒளிப்படத்தில் அழிப்பதைவிடப் பல மடங்கு கடினம் என்பதால், இந்த ஒரு பயன் காணொளியில்தான் கூடுதல் மதிப்புடையது. எதிரே மறைக்கும் தூணைத் தவிர்க்கவும் இதே வழி உதவும்.

இப்போது டில்ட். லென்ஸின் தளத்தைச் சென்சருக்கு இணையாக வைக்காமல் சாய்த்தால், கூர்மையாகப் பதியும் தளமும் சாய்கிறது. சென்சர், லென்ஸ், கூர்மைத் தளம் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்கும். ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளுக் 1904-இல் பெற்ற காப்புரிமையால் இந்த விதிக்கு அவருடைய பெயர் நிலைத்துவிட்டது; வானிலிருந்து எடுத்த படங்களைத் திருத்துவதே அவருடைய நோக்கமாக இருந்தது. நடைமுறைக்கு உதவுவது இதோடு இணைந்த இன்னொரு கணக்கு. எவ்வளவு சாய்க்கிறீர்களோ அதைப் பொறுத்து, லென்ஸுக்குக் கீழே ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் கீல் போன்ற ஒரு கோடு அமைகிறது, கூர்மைத் தளம் அந்தக் கோட்டின் வழியாகத்தான் செல்லும். குவியத் தொலைவைச் சாய்கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் அந்த ஆழம் கிடைக்கும். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்து, தரை முழுவதும் கூர்மையாக வேண்டுமென்றால், 24 மி.மீ. லென்ஸுக்கு 0.9 டிகிரி போதும், 90 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 3.4 டிகிரி. புதிதாக வாங்குபவர்கள் எட்டு டிகிரி வரை சாய்க்க முடிகிறதே என்று முழுவதும் சாய்த்துவிட்டு, எதுவும் கூர்மையாக இல்லை என்று வருந்துவது இந்தக் கணக்கை அறியாததால்தான்.

ஆனால் அந்த 0.9 டிகிரியும் உங்களுக்குத் தேவையா? 24 மி.மீ. லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 8 அளவில் வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், வழக்கமான அளவுகோலின்படி 1.2 மீட்டர் முதல் முடிவிலி வரை கூர்மையாகவே இருக்கும். 17 மி.மீ. லென்ஸில் இது 60 செ.மீ.யிலேயே தொடங்கிவிடுகிறது. அறை முழுவதும் ஒரே கூர்மையில் வேண்டும் என்ற உங்கள் தேவை டில்ட் இல்லாமலேயே நிறைவேறிவிடுகிறது. நீண்ட லென்ஸ்களில் நிலைமை வேறு. 90 மி.மீ. லென்ஸில் எஃப் 8 துளையில் இதே கணக்குக்கு ஏறத்தாழ 34 மீட்டரில் ஃபோகஸ் செய்ய வேண்டும், கூர்மை 17 மீட்டரில்தான் தொடங்கும். ஆகவே தரையோடுகளின் வேலைப்பாடு, நீண்ட மேசை, கைப்பிடிச் சுவர் ஓடும் வரிசை போன்றவற்றை அந்த லென்ஸில் எடுக்கும்போது டில்ட் தன் அருமையைக் காட்டும்.

அப்போதும் காணொளியில் ஒரு சிக்கல் உண்டு. டில்ட் செய்தபின் கூர்மையான பகுதி ஆப்பு வடிவில் இருக்கிறது: கேமராவுக்கு அருகே மெல்லியதாகத் தொடங்கி, தொலைவு கூடக்கூடத் தடிக்கிறது. மேலே சொன்ன 90 மி.மீ. எடுத்துக்காட்டில், தரை கூர்மைத் தளமாக இருக்கும்போது, 10 மீட்டர் தொலைவில் அந்த ஆப்பு தரைக்கு மேலே ஏறத்தாழ 44 செ.மீ.தான் எழும். அந்த இடத்தில் ஒருவர் நடந்து வந்தால் பாதமும் கணுக்காலும் துல்லியமாகவும் முகம் மங்கலாகவும் பதியும். ஆளில்லாத ஒளிப்படத்தில் எழாத இந்தக் கேள்வி, மனிதர் நடமாடும் காணொளியில் எழாமல் இருக்காது. அதோடு, டில்ட் செய்த லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் கூர்மைத் தளம் முன்னும் பின்னும் போவதில்லை, அந்தக் கீலைச் சுற்றிச் சுழல்கிறது. ஓடும் காட்சியில் ஒருவரைப் பின்தொடர்ந்து ஃபோகஸ் மாற்றும் பழக்கம் அங்கே கைகொடுக்காது. நான் குறிப்பிட்ட கேனன், நிக்கான் லென்ஸ்கள் கையால் ஃபோகஸ் செய்பவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

உயரத்திலிருந்து எடுத்த தெருவைப் பொம்மை நகரம்போலக் காட்டும் காட்சிகளுக்கும் டில்ட்தான் பயன்படுகிறது, எதிர்த்திசையில் சாய்த்து, கூர்மையை ஒரு மெல்லிய பட்டையாக்கி. ஷிஃப்ட்டுக்கு அதில் பங்கில்லை. கட்டடத்தின் அளவை உணர்த்தவேண்டிய காணொளியில் அளவைக் குழப்பும் உத்தியை நான் பயன்படுத்துவதில்லை. ஒரு காட்சிக்கு வேண்டுமென்றால் மென்பொருளில் செய்யும் மங்கலே போதுமான அளவுக்கு ஒத்திருக்கும்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பிம்ப வட்டத்தின் ஓரத்தில் வெளிச்சமும் கூர்மையும் குறைவதால், பெரிய ஷிஃப்ட்டுக்கு எஃப் 8 முதல் எஃப் 11 வரை வையுங்கள். ஒளியியல் வியூஃபைண்டர் உள்ள பழைய எஸ்எல்ஆர் கேமராக்களில் ஷிஃப்ட் செய்தபின் ஒளி அளவீடு தவறும். நகர்த்துவதற்கு முன்பே அளந்து மேனுவலில் வையுங்கள். மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மென்பொருள் தானாகச் செய்யும் வளைவுத் திருத்தம் லென்ஸின் மையம் சட்டத்தின் நடுவில் இருப்பதாகவே எடுத்துக்கொள்வதால், ஷிஃப்ட் செய்த படத்தில் அதை நம்பாதீர்கள். கேனன் 17 மி.மீ., நிக்கான் 19 மி.மீ. இரண்டிலும் முன்கண்ணாடி புடைத்திருப்பதால் திருகும் வடிகட்டியை மாட்ட முடியாது. வெயிலில் ஷட்டர் வேகத்தைத் தாழ்வாக வைக்க ஒளிகுறைக்கும் வடிகட்டி தேவைப்படும் காணொளிக்கு இது சிறிய குறையல்ல; 82 மி.மீ. வடிகட்டியை ஏற்கும் கேனன் 24 மி.மீ. இந்த ஒரு காரணத்துக்காகவே காணொளிக்கு எளிது.

வாங்குவதைப் பொறுத்தவரை, ஃபுல் ஃபிரேமில் ஒரே லென்ஸ் என்றால் 24 மி.மீ.யைத்தான் சொல்வேன், நெருக்கமான தெருக்களும் சிறிய அறைகளுமே உங்கள் வேலை என்றால் 17 அல்லது 19. டில்ட் வேண்டாம் என்று தெளிந்துவிட்டால் லாவாவின் 15 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் போன்ற, ஷிஃப்ட் மட்டும் உள்ளவையும் உண்டு. எதுவானாலும் முதலில் இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். நீங்கள் ஏற்கெனவே எடுத்து முடித்த ஒரு கட்டடத்துக்கே அதைக் கொண்டுபோய், அதே இடத்தில் நின்று, ஒருமுறை ஷிஃப்ட்டிலும் ஒருமுறை கேமராவைச் சாய்த்து மென்பொருளிலும், ஒளிப்படமாகவும் ஸ்லைடர் காட்சியாகவும் எடுத்து, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் அளவுக்கு மாற்றிய பிறகு உச்சியில் உள்ள சாளரங்களை ஒப்பிடுங்கள். அந்த அளவில் வேறுபாடு தெரியவில்லை என்றால், பணத்தை நல்ல பற்சக்கரத் தலைக்கும் லெவலிங் பௌல் உள்ள முக்காலிக்கும் செலவிடுங்கள். லென்ஸ் பிறகு வந்தாலும் அவை இரண்டும் தேவைப்படத்தான் போகின்றன.